உண்டு, உறைவிடம், பிறகு பள்ளி

அரூரில் பஸ் ஏறும்போது என்னிடம் இருந்தது ஒரே ஒரு சந்தேகம்தான். சித்தேரி மலைப் பள்ளியின் முழுப் பெயர் ‘அரசு பழங்குடியினர் உண்டு உறைவிட மேல்நிலைப் பள்ளி’. ஆங்கிலத்தில் இதையே ‘கவர்ன்மென்ட் டிரைபல் ரெசிடென்ஷியல்’ என்று எழுதி, ஜி.டி.ஆர். என்று சுருக்கிவிடுகிறார்கள். அந்த ஆங்கிலத்தில் தங்குவதற்கு இடம் இருக்கிறது, சாப்பாடு இல்லை. தமிழில் மட்டும் ‘உண்டு’ எங்கிருந்து வந்து முதல் பந்தியில் உட்கார்ந்தது?

இலக்கணமும் இடிக்கிறது. உண்டு என்பது வினையெச்சம், உறைவிடம் பெயர்ச்சொல். ஒரு மாணவன் இப்படி எழுதியிருந்தால் தமிழாசிரியர் சிவப்பு மையால் சுழித்திருப்பார். பெயர்ப்பலகையில் இருப்பதால் தப்பித்தது.

பதில் தேடினால் மலையை விட்டு இறங்கி, சென்னைக் கோட்டைக்கே போக வேண்டியிருக்கிறது. 1919-20 வாக்கில், ஒடுக்கப்பட்ட மக்களின் நலனைக் கவனிக்கும் வேலையை மதராஸ் அரசு தொழிலாளர் ஆணையரிடம் ஒப்படைத்தது. வீட்டுமனை, குடிநீர்க் கிணறு, பள்ளிக்கூடம் மூன்றும் அந்த ஒரே துறையின் கையில். ‘லேபர் ஸ்கூல்’ என்று சமவெளியில் வயதானவர்கள் இன்றும் சொல்வது இந்தப் பள்ளிகளைத்தான். மதுரைப் பக்கத்துக் கள்ளர் பள்ளிகளும் இதே வேரிலிருந்து கிளைத்தவை. 1949-இல் இந்தப் பணிக்கான துறை அரிசன நலத்துறை ஆனது. பிறகு ஆதி திராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை என்று பெயர் மாறியது. தமிழ்நாட்டில் 300-க்கும் மேற்பட்ட உண்டு உறைவிடப் பள்ளிகள் இந்த வழியில் வந்தவை. ஆக, மலைப் பள்ளிக்கூடம் கல்வித்துறையின் வயிற்றில் பிறக்கவில்லை. கிணற்றுக்கும் வீட்டுமனைக்கும் உடன்பிறப்பாகப் பிறந்தது. சோறு முதலில் வந்ததற்குப் பாதி விளக்கம் இதிலேயே கிடைத்துவிட்டது.

மீதிப் பாதி மலையில் இருந்தது.

சித்தேரி என்றால் ஓர் ஊர் என்று நினைத்துப் போகிறவர்களுக்குக் கால் வலிக்கும். ஊராட்சி ஒன்றுதான், அதற்குள் அறுபதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள். கலசப்பாடி, அரசநத்தம், ஆலமரத்துவளவு, சூரியக்கடை, மாங்கடை. வளவு என்றால் சில குடும்பங்கள் சேர்ந்திருக்கும் குடியிருப்பு. மாங்கடையில் மாங்காய்க் கடையைத் தேடாதீர்கள். இந்தக் ‘கடை’ கடைசி, ஓரம் என்ற பொருளில் வரும் பழைய சொல் என்றுதான் எனக்குப் படுகிறது. இங்கே வாழும் மலையாளிகளுக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்ற பொருளில் மலையாளி. காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகள் மூவர் கிளம்பி மலைக்கு ஒருவராகப் பிரிந்து போனதாக அவர்களுடைய கதை சொல்கிறது.

வளவுக்கு வளவு காடும் பள்ளத்தாக்கும் குறுக்கே கிடக்கும்போது, காலையில் போய் மாலையில் திரும்பும் பள்ளிக்கூடம் எப்படி நடக்கும்? பிள்ளை அங்கேயே தங்கினால்தான் உண்டு.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் படித்தது கல்வராயன் மலையில், மாமன் ஊருக்குப் பக்கத்துப் பள்ளியில்.

“எந்த வயசுல சேத்தாங்க ஐயா?”

“வயசு யாருக்குத் தம்பி தெரியும்? தலைக்கு மேல கையைப் போட்டு அந்தப் பக்கத்துக் காதைத் தொடச் சொன்னாரு வாத்தியாரு. தொட்டுட்டேன். எழுதிக்கிட்டாரு.”

ஆதார் அட்டையை எடுத்துக் காட்டினார். ஜூன் மாதத்தில் ஒரு தேதி. வாத்தியார் கொடுத்த பிறந்தநாள். முதியோர் உதவித்தொகை வரைக்கும் அந்தத் தேதிதான் அவரைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

தேதி மட்டுமா? பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்திலேயே மாவட்டங்களும் இருக்கின்றன: தருமபுரி, சேலம், வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை. இதனால்தான் ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையாளிகள் சான்றிதழ் கேட்டுப் பல ஆண்டுகள் போராட வேண்டி வந்தது. 1989 நவம்பர் 11-க்குப் பிறகு பழங்குடியினர் சான்றிதழ் தருவது தாசில்தார் கையிலிருந்து கோட்டாட்சியர் கைக்குப் போனது, விசாரணையும் இறுகியது. அப்பன், பாட்டன் படித்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் ‘மலையாளி’ என்று ஒரு வரி இருந்தால் பேரனுக்கு வழி சுலபம். ஊர்க்கவுண்டரின் வாய்வார்த்தை செல்லாத மேசையில் வாத்தியாரின் கையெழுத்து செல்லும்.

“எதுக்குங்க ஐயா பள்ளிக்கூடம் அனுப்புனாங்க?” என்று கேட்டேன். நல்ல பதிலாக வரும் என்று பேனாவைக்கூடத் திறந்துவிட்டேன்.

“நெல்லுச்சோறு போடுறாங்கன்னுதான். வூட்ல சாமை, கேவுருக் களி. நெல்லுச்சோறு நோம்பிக்குத்தான்.” சிரித்தார். “அஞ்சாவதோட வந்துட்டேன். ஆனா அந்த அஞ்சு வருசமும் வயிறு நெறைய.”

இன்று வீட்டில் அரிசி இருக்கிறது, ஆள்தான் இல்லை. மழை பொய்த்தால் பெற்றவர்கள் திருப்பூருக்கோ கேரள எஸ்டேட்டுக்கோ போய்விடுகிறார்கள். பூட்டிய வீட்டுப் பிள்ளைக்கு எரிகிற அடுப்பு விடுதியில்தான்.

இந்த மலைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அடிவாரத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டையைத் தேடுகிறோம் என்று வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் நுழைந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அவர்களில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த சிறுமியும் ஒருத்தி. 2011 செப்டம்பர் 29 அன்று, குற்றம் சாட்டப்பட்டவர்களில் அதுவரை உயிரோடிருந்த 215 பேருக்கும் தருமபுரி நீதிமன்றம் தண்டனை விதித்தது. 2023-இல் அதே தேதியில் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. நடுவில் இன்னொன்று: 2015 ஏப்ரல் 7, சேஷாசலம் காடு. ஆந்திர போலீஸ் சுட்டதில் இறந்த 20 பேரில் சித்தேரி மலைக்காரர்களும் இருந்தார்கள். செம்மரம் வெட்டக் கூலிக்கு அழைத்துப் போகப்பட்டவர்கள்.

பெரியவர் அதைப் பற்றி நீளமாகப் பேசவில்லை. ஒன்று மட்டும் சொன்னார்: “ஹாஸ்டல்ல கெடக்கிற பையனை மேஸ்திரி வந்து கூப்புட முடியாது இல்ல?”

உறைவிடம் என்ற சொல்லுக்கு இப்படி ஓர் உரையை நான் எந்த அகராதியிலும் பார்த்ததில்லை.

2023 மார்ச் தமிழக பட்ஜெட்டில், பல துறைகளின் கீழ் இருக்கும் பள்ளிகளையெல்லாம் பள்ளிக் கல்வித்துறைக்குக் கொண்டுவருவோம் என்று அறிவித்தார்கள். அந்தப் பட்டியலில் வனத்துறை நடத்தும் பள்ளிகளும் இருந்தன. வாச்சாத்தியை நினைத்துக்கொண்டு அந்த வரியை இரண்டு முறை படித்தேன். துறை மாறினால் பலகையையும் மாற்றி எழுதுவார்கள். இலக்கணம் தெரிந்த யாராவது ‘உண்டு’ என்பதை வெட்டிவிடுவாரோ என்று பெரியவரிடம் கேட்டேன். கேள்வியே அவருக்கு விளங்கவில்லை.

திரும்பி அரூர் வந்தபோது பஸ் நிலையத்துக்குப் பக்கத்துப் பாத்திரக்கடையில் ஓர் அம்மாவும் பெண்ணும் நின்றிருந்தார்கள். காலடியில் புது டிரங்குப் பெட்டி. எவர்சில்வர் தட்டு ஒன்று வாங்கி, அதில் பெயர் வெட்டக் கொடுத்திருந்தார்கள். கடைக்காரர் தட்டைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு சிற்றுளியால் புள்ளி புள்ளியாகக் கொத்தினார். இனிஷியல் முன்னாலா பின்னாலா என்று கேட்டார். அம்மா பெண்ணைப் பார்த்தாள்.

“முன்னாடி. ரிஜிஸ்டர்ல அப்படித்தான் இருக்கும்” என்றது அந்தப் பெண்.