கொல்லைப்புறத் தொட்டி

ஒரு வீட்டின் வசதியை முன்வாசல் சொல்லும். அதன் ஒழுங்கைக் கொல்லைப்புறமே சொல்லும் என்பது நம் தாயார் அடிக்கடி கூறும் வாசகம். அதன் பொருள் விளங்க நமக்கு நெடுநாள் ஆயிற்று. விளங்க வைத்தவை சில மண்புழுக்கள்.

விருதுநகரை அடுத்த சூலக்கரையில் நாம் வசிக்கிறோம். இப்பக்கத்திற்கு வெயில் ஒரு சொத்து. 1920-களில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியதற்கும், பின்னர்ப் பட்டாசு பெருகியதற்கும் இந்த வறண்ட காற்றும் ஒரு காரணமன்றோ! ஈர மருந்து எரியாது. காய்ந்த வானமே அத்தொழிலுக்குத் துணை. அதே வானத்தின் கீழ்தான், தோல் உலர்ந்தால் மூச்சடங்கிவிடும் ஓர் உயிரை வளர்க்க நாம் ஆசைப்பட்டோம்.

நம் இளமைக் காலத்தில் மாடு கட்டிய வீடுதோறும் குப்பைக்குழி இருந்தது. சாணமும் சாம்பலும் காய்கறித் தோலும் அதில் சேரும். ஆடி பிறக்குமுன் வண்டி கட்டி அள்ளிச் சென்று கரிசல் காட்டில் சிதறுவார்கள். குப்பை என்னும் சொல்லுக்கு அந்நாளில் உரம் என்றே பொருள். மாடுகள் போயின, குழிகள் தூர்ந்தன, பாலித்தீன் பை வந்தது. நாமும் எல்லாரையும் போலச் சோற்றையும் தோலையும் உடைந்த கண்ணாடியையும் ஒரே பையில் கட்டித் தெருமுனையில் வைத்துவிட்டுக் கைகழுவினோம்.

ஒரு நாள் காலைத் தொழுகை முடித்துத் திரும்புகையில், நாம் முடிந்து வைத்த பையை ஒரு பசு கிழித்துக் கொண்டிருந்தது. உள்ளிருந்த வாழைப்பழத் தோலுக்காகப் பையையும் சேர்த்து மென்றது. விரட்டினோம், அது போகவில்லை. பசித்த வாய்க்கு நஞ்சைப் பொட்டலம் கட்டி வைத்தவர் யார் என்று எண்ணியபோது வெட்கம் பிடுங்கித் தின்றது.

2018-ஆம் ஆண்டு தை மாதத்தில் தொடங்கினோம். கிணற்றுக்கு இறக்கும் சிமெண்ட் உறை ஒன்றை வாங்கிக் கொல்லைப்புறச் சுவரின் நிழலில் வைத்தோம். அடியில் செங்கல் சல்லி, அதன்மேல் மணல், அதன்மேல் ஒரு சாண் மண். பிறகு ஆறிய சாணமும் வைக்கோலும். புதுச்சாணம் சூடேறிப் புழுவைக் கொன்றுவிடும் என்று எச்சரித்திருந்தார்கள். வெளியூரில் விலைகொடுத்து வாங்கிய ஆப்பிரிக்க இனப் புழுக்களை அதில் விட்டோம். ஐம்பது நாட்களில் மேற்பரப்பில் தேயிலைத் தூள் போன்ற எரு திரண்டது. கெட்ட வாடை சிறிதும் இல்லை. முதல் மழையின் மண்வாசம்தான். காண வந்தவர்களுக்கெல்லாம் அள்ளிக் காட்டினோம். பெருமை தலைக்கேறிற்று என்பதை மறைப்பானேன்?

சித்திரையில் உறவினர் வீட்டுத் திருமணம் வந்தது. தாயாரையும் அழைத்துக்கொண்டு குடும்பத்தோடு புறப்பட்டுப் பத்து நாட்கள் தங்கிவிட்டோம். தொட்டியின் நினைவே நமக்கு எழவில்லை. திரும்பி வந்து மூடியிருந்த சாக்கை விலக்கினால், மண் வெடித்துக் கிடந்தது. செவ்வெறும்பு சாரை சாரையாக ஊர்ந்தது. கிளறிய இடத்திலெல்லாம் காய்ந்த நூல் போல் சில துணுக்குகள், வேறொன்றும் இல்லை.

தாயார் வந்து எட்டிப் பார்த்தார்கள். “வாயில்லாச் சீவன்களை நாமதானே தம்பி கூட்டிட்டு வந்தோம்? நாலு சுவருக்குள்ளே அடைச்சுட்டு நாம கல்யாணச் சோறு சாப்பிடப் போயிட்டோமே!” என்றார்கள். மேலே எதுவும் சொல்லவில்லை. காட்டில் கிடக்கும் புழு ஈரம் குறைந்தால் ஆழத்திற்குத் தப்பும். உறைக்குள் அடைத்த புழு எங்கே போகும்? அமானிதமாக வந்ததை விளையாட்டுப் பொருளாக எண்ணிவிட்டோம் என்று அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை.

இத்துறையில் பெரும்பணி செய்தவர் டாக்டர் சுல்தான் அகமது இஸ்மாயில். தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் 1951-இல் நிறுவிய சென்னைப் புதுக்கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்தவர். வெளிநாட்டுப் புழுவைத் தேடி அலையாமல் அந்தந்த மண்ணின் புழுவையே கொண்டு எருவாக்கலாம் என்று நெடுங்காலமாக வற்புறுத்தி வருபவர். அவர் எழுத்தைப் படித்த பிறகே நம் அறியாமை புலப்பட்டது. மேலை நாட்டில் சார்லசு டார்வின் தம் இறுதி நூலை மண்புழுவுக்கென்றே 1881-இல் எழுதினார். மறு ஆண்டு மறைந்தார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கரில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கும் மேற்பட்ட மண் புழுக்களின் உடல் வழியே வெளிவருகிறது என்பது அவர் கணக்கு. உலகமே வியந்த அறிஞர் தம் முதுமையைப் புழுவின் அருகில் கழித்திருக்கிறார். நமக்குப் பத்து நாள் பொறுப்புக் கூடப் பாரமாயிற்று!

ஐப்பசி மழை பெய்ததும் மீண்டும் தொடங்கினோம். குளியலறைத் தண்ணீர் பாயும் வாழையடியில் ஈர மண்ணைக் கிளறி நம்மூர்ப் புழுக்களையே பொறுக்கி எடுத்தோம். தொட்டியைத் தண்ணீர்த் தட்டுகளில் நிறுத்திய கற்களின் மேல் ஏற்றி எறும்புக்கு வழியடைத்தோம். மேலே பனையோலை வேய்ந்தோம்.

அவற்றின் உணவு நெறியையும் கற்றோம். மண்புழுவுக்குப் பல் இல்லை; நுண்ணுயிர்கள் மெதுவாக்கித் தந்ததைத்தான் மணலோடு விழுங்கி அரைக்கும். ஆதலின் தோல்களை நறுக்கிப் போடுதல் நன்று. எலுமிச்சையும் பூண்டும் ஆகா. உப்பிட்ட நோன்புக் கஞ்சியின் மிச்சமும், பெருநாள் பிரியாணியின் எலும்பும் எண்ணெயும் கூடவே கூடா. சிவகாசி நாட்காட்டியின் வழவழப்பான வண்ணத்தாளும் வேண்டாம். 2022-இல் நோன்பு மாதம் சித்திரை வெயிலில் வந்தபோது தர்ப்பூசணித் தோல் குவிந்தது. ஆசையோடு அத்தனையும் கொட்டினோம். தொட்டி சேறாகிப் புழுக்கள் மேலேறித் தவித்தன. காய்ந்த சருகை அள்ளிக் கலந்த பிறகே அடங்கின. பட்டினி மட்டுமன்று, திகட்டலும் கொல்லும்.

எல்லாவற்றிலும் பெருஞ்சிக்கல் தண்ணீர். குடத்தை எண்ணிச் செலவிடும் ஊரில் புழுவுக்கென்று தனி நீர் ஏது? வழி கண்டவர்கள் தாயாரே. தொட்டியருகே மணைப்பலகை போட்டு அமர்ந்து, ஒளுச் செய்யும் நீரைத் தாம்பாளத்தில் ஏந்தத் தொடங்கினார்கள். சோப்புப் படாத நீர் அது. அஸர் வேளையில் தாம்பாளத்திலிருந்து கையால் அள்ளி வைக்கோல்மேல் தெளிப்பார்கள். ஒரு பிடி எருவை அள்ளிப் பிழிந்தால் ஓரிரு துளி மட்டும் சொட்ட வேண்டும், அதுவே அளவு. எஞ்சிய நீர் வாழைக்கு.

இதனால் ஊர் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டோம். தெருமுனையில் இன்றும் பைகள் கிடக்கின்றன. நம் வீட்டிலும் பிளாசுடிக்கும் கண்ணாடியும் மீந்துதான் போகின்றன. அவற்றைத் தனியே கட்டித் தூய்மைப் பணியாளர் கையில் கொடுக்கிறோம். ஆனால் அந்தப் பையில் இப்போது பசு தேடி வரும் பொருள் எதுவும் இல்லை. இரண்டு மாதத்திற்கொரு முறை ஒரு வாளி எரு கிடைக்கிறது. குச்சியாய் நின்ற கறிவேப்பிலைக் கன்று சுவர் உயரம் தழைத்திருக்கிறது.

சென்ற ஆண்டு மற்றொரு திருமண அழைப்பு வந்தது. பெட்டி கட்டும் வேளையில் தாயார் கேட்ட முதற்கேள்வி, “தொட்டிக்கு யாரிடம் சொல்லியிருக்கே தம்பி?” என்பதுதான். அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி, தெளிக்கும் அளவையும் காட்டிக் கொடுத்த பிறகே நாம் வாசற்படி இறங்கினோம்.