பாதை திறந்திருக்கும்போதே சொல்லுங்க

'டிஎக்ஸ்'னு கேள்விப்பட்டிருக்கீங்களா? ஹாம் ரேடியோக்காரர்கள் பாஷையில் அதற்கு 'ரொம்ப தூரம்' என்று அர்த்தம். மதுரையில் மொட்டை மாடியில் ஒரு கம்பியைக் கட்டி, பிரேசிலில் இருப்பவரோடு நடுவில் டவர் எதுவும் இல்லாமல் பேசுவது டிஎக்ஸ். அலை மேலே போய் அயனி மண்டலத்தில் வளைந்து கீழே வருகிறது. அந்தப் பாதை எப்போது திறக்கும், எப்போது மூடும் என்பதைச் சூரியனும் நேரமும் அலைவரிசையும் சேர்ந்து முடிவு பண்ணும். சில சமயம் பத்து நிமிஷம்கூட இருக்காது.

அதனால்தான் 'டிஎக்ஸ் கிளஸ்டர்' வந்தது. 1980களின் கடைசியில் அமெரிக்க ஹாம் டிக் நியூவெல் எழுதிய 'பாக்கெட்கிளஸ்டர்' மென்பொருளில் ஆரம்பித்து, இன்று இணையத்தில் ஓடுகிறது. தூரத்து ஸ்டேஷன் ஒன்று காதில் விழுந்தால் உடனே ஒரு வரி தட்டுவார்கள். அதன் பெயர் 'ஸ்பாட்'. யார் கேட்டது, எந்த அலைவரிசையில், எந்த ஸ்டேஷனை, எத்தனை மணிக்கு. அவ்வளவுதான். மணி உலகப் பொது நேரத்தில் இருக்கும். நாம் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

எனக்கு இன்னும் லைசென்ஸ் இல்லை. அதற்கான ஏஎஸ்ஓசி தேர்வுக்குப் படிச்சிட்டு இருக்கேன். மாட்டுத்தாவணியில் சிவகங்கை பஸ் கிளம்புற வரைக்கும் போனில் இந்த ஸ்பாட்டுகள் ஓடுவதை வேடிக்கை பார்ப்பேன். பார்க்கப் பார்க்க ஒரு சந்தேகம் வந்தது: இதைத் தட்டுறவங்களுக்கு என்ன லாபம்?

ஒரு லாபமும் இல்லை. ஸ்பாட் விழுந்த அடுத்த நிமிஷமே அந்த அலைவரிசையில் கும்பல் கூடிவிடும். அதை 'பைல்-அப்' என்பார்கள். பலர் தாங்கள் பேசி முடித்த பிறகுதான் ஸ்பாட் போடுவார்கள். அது நியாயம்தான். ஆனால் பாதை மூடும்வரை காத்திருப்பதில்லை. மூடிய பிறகு சொன்னால் அது செய்தி, ஸ்பாட் இல்லை.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு இந்தியக் குழு போர்ட் பிளேரிலிருந்து வி.யூ.4.ஆர்.பி.ஐ. என்ற அழைப்புக்குறியில் பேசியது. அந்தமான் அபூர்வமான இடம் என்பதால் உலகம் முழுக்க ஹாம்கள் தேடினார்கள். 26ஆம் தேதி சுனாமி. குழு டிஎக்ஸை நிறுத்திவிட்டு, தீவில் மாட்டிக்கொண்டவர்களின் தகவல்களை வெளியே அனுப்ப ஆரம்பித்தது. கார் நிக்கோபாருக்கும் வானொலியோடு ஆட்கள் போனார்கள். விளையாட்டாக வளர்த்த பழக்கம்: காதில் விழுந்ததை உடனே, சரியாக, அடுத்தவருக்குச் சொல்வது. அன்றைக்கு அதே பழக்கம்தான் கைகொடுத்தது.

இப்போ நம்ம கதைக்கு வருவோம். ஃபைனல் இயர். பாதிப் பேருக்கு எஜுகேஷன் லோன் தலைமேல் நிக்குது. ஆஃப்-கேம்பஸ் லிங்க் ஒன்று கிடைத்தால், சிலர் தாங்கள் அப்ளை பண்ணிட்டு, கடைசி தேதி முடிஞ்ச பிறகு குரூப்பில் போடுகிறார்கள். அந்தப் பயம் புரியுது. எனக்கும் அதே பயம் இருக்கு. நீங்க முதல்ல அப்ளை பண்ணுங்க, தப்பே இல்லை. பண்ணி முடிச்ச கையோடு ஒரு வரி தட்டிவிடுங்க. கம்பெனி பேர், லிங்க், கடைசி தேதி போதும்.

ஹாம்கள் விடைபெறும்போது '73' என்பார்கள். வாழ்த்துகள் என்று அர்த்தம். எல்லாருக்கும் 73.