சீனித் தண்ணிச் சுருள்

பாட்டியின் தகரப் பெட்டியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருந்தது. பின்பக்கம் பென்சிலில் 1965. சுங்கை சிப்புட் ஸ்டூடியோவில் எடுத்தது. நெற்றிக்கு மேல் அலையாக ஏறி, காதோரம் சுருண்டு இறங்கும் முடி.

“இது யாரு பாட்டி?”

“யாரா? நான்தான்டி.”

எனக்குப் பிறவியிலேயே சுருட்டை. பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டு, வேலை நேர்காணலுக்கு முன்பு முதன்முறையாக ரீபோண்டிங் செய்தேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. பொறியியல் வகுப்பில் நான்கு வருடம் ‘மேகி’ என்று கூப்பிட்டதே போதுமானதாக இருந்தது. அதன் பிறகு ஆறு வருடங்களாக, வேரில் சுருட்டை எட்டிப் பார்க்கும்போதெல்லாம் சலூனுக்கு ஓடுகிறேன்.

போன மாதம் தோழியின் கல்யாண விருந்து. பழைய சினிமா அலங்காரத்தில் வரவேண்டும் என்றாள். பாட்டியிடம் போய் உட்கார்ந்தேன்.

முடி சொட்டச் சொட்ட இருக்கக்கூடாது, ஈரப்பதம் மட்டும் போதும். விரல் அகலத்துக்கு ஒரு கற்றை. நுனியிலிருந்து வேர்வரை வட்டமாகச் சுருட்டி, தலையோடு தட்டையாக அழுத்தி, இரண்டு கறுப்பு ஹேர்பின்களைக் குறுக்காகக் குத்த வேண்டும். ஒரு வரிசை வலப்பக்கம் சுருண்டால் அடுத்தது இடப்பக்கம். பாட்டியின் விரல் மூட்டுகள் வீங்கியிருக்கின்றன, ஆனாலும் தடுமாறவில்லை.

“அப்போ ஜெல்லுக்கு என்ன செஞ்சீங்க?”

“சீனியத் தண்ணில கரைச்சுத் தடவுனோம். விடியக்காலைல பெரட்டுக்குப் போறப்ப ஊசி எல்லாம் அப்படியேதான் இருக்கும். மேல துண்டக் கட்டிக்குவேன். பால் வெட்டி முடிக்கிறவரைக்கும் யாருக்கும் தெரியாது. எறும்புக்குத்தான் தெரியும்.”

ரீபோண்டிங், முடியின் டைசல்பைட் பிணைப்புகளை ரசாயனத்தால் உடைத்து மாற்றிக் கட்டுவது. பாட்டியின் முறை ஹைட்ரஜன் பிணைப்புகளோடு நின்றுவிடுகிறது. ஈரத்தில் அவிழும், காயும்போது புது வடிவத்தில் மறுபடி சேரும். அடுத்த முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் பழையபடி ஆகிவிடும்.

“எதுக்கு பாட்டி அந்தப் படம்?”

“மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப. மொத வீட்டுல ‘சினிமாக்காரி மாதிரி இருக்கா’ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. உங்க தாத்தா அதே படத்தப் பாத்துதான் சரின்னாரு.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“கல்யாணத்துக்கு அப்புறம் ஒருநாள்கூடச் சுருட்ட விடல.”

மறுநாள் மாலை ஊசிகளைக் கழற்றியபோது ஆட்டுக்குட்டி மாதிரி இருந்தேன். பயப்படாமல் சீவு என்றார். சீவச் சீவ, தனித்தனிச் சுருள்கள் ஒன்றுசேர்ந்து படத்திலிருந்த அதே அலை வந்தது. விருந்தில் எல்லாரும் கேட்டார்கள். பத்து மணிக்குள் நம் ஊர்ப் புழுக்கம் பாதியைக் கலைத்துவிட்டது. ரீபோண்டிங் செய்த நீளம் நேராகத் தொங்க, வேரில் வளர்ந்திருந்த இரண்டு சென்டிமீட்டர் மட்டும் அதன் போக்கில் சுருண்டிருந்தது.

சனிக்கிழமைக்கு சலூனில் நேரம் எடுத்திருந்தேன். உறுதிசெய்யச் சொல்லிச் செய்தி வந்தது. இன்னும் பதில் போடவில்லை.

தாத்தா போய் ஒன்பது வருடம் ஆகிறது. நேற்றிரவு நான் ஊசிகளை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தபோது பாட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கொண்டையை அவிழ்த்தார். எலிவால் அளவு வெள்ளை முடி.

“இதுக்கு நாலு ஊசி போதும்லடி?”

ஆறு தேவைப்பட்டது.