பள்ளி என்ற சொல்லைத் தேடி

நாங்கள் பள்ளிக்கூடம் போனோம். பக்கத்துத் தெருப் பையன்கள் வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போனார்கள். சௌந்தரராஜப் பெருமாள் கோயிலிலோ நின்றும் அமர்ந்தும் காட்சி தரும் பெருமாள், இன்னொரு சந்நிதியில் பள்ளிகொண்டிருந்தார். "மூணுக்கும் ஏன் அப்பாயி ஒரே பேரு?" என்று கேட்டிருக்கிறேன். "எல்லாம் மனசு அடங்குற எடம்தான் தம்பி" என்றார் அப்பாயி. நாகப்பட்டினத்தை விட்டு வந்து பல வருடங்கள் கழித்துத்தான் அந்தக் கேள்வி மறுபடி என்னைப் பிடித்துக்கொண்டது.

அகராதியில் பள்ளிக்குப் படுக்கை என்ற பொருளும் இருந்தது. சமணத் துறவிகள் கல்லில் படுக்கை வெட்டித் தங்கிய குகை பள்ளியாயிற்று; அவர்கள் கற்பித்ததால் கற்கும் இடமும் பள்ளியாயிற்று என்பார்கள். சரிதான். ஆனால் எங்கள் ஊரின் பள்ளி எது?

ஆனைமங்கலச் செப்பேட்டில் அது கிடைத்தது. 21 ஏடுகள், சுமார் 30 கிலோ. கடல் கடந்து லெய்டன் பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடு என்றே உலகம் சொல்கிறது. ஸ்ரீவிஜய அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரால் நாகையில் எடுப்பித்த புத்த விகாரத்துக்கு, முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தைக் கொடுத்தான். 97 வேலிக்கு மேற்பட்ட நிலம். 8,943 கலத்துக்கு மேல் நெல் வருவாய். தஞ்சையில் பெருவுடையாருக்குக் கற்றளி எழுப்பிய அதே கைதான் இதையும் கொடுத்தது. தந்தை வாய்மொழியாகச் சொன்னதை, அவர் மறைந்த பின் மகன் இராசேந்திரன் செம்பில் வெட்டுவித்தான். அந்த ஏடுகளை வாசித்தபோது எனக்குக் கண் கலங்கியது. பின்னால் முதலாம் குலோத்துங்கன் காலத்துச் சிறிய செப்பேட்டில் இராசராசப் பெரும்பள்ளி, இராசேந்திரசோழப் பெரும்பள்ளி என்று இரண்டு பெயர்கள். சோழர் பெயரைத் தாங்கி, புத்தர் குடியிருந்த பள்ளிகள்!

அந்தப் பழம்பெருமையின் எச்சமாக, ஊருக்கு வடக்கே புதுவெளிக் கோபுரம் என்ற மூன்று நிலைச் செங்கல் கட்டடம் நின்றிருந்தது. 1846இல் பிரிட்டிஷ் அதிகாரி வால்டர் எலியட் அதைப் பார்த்து எழுதியிருக்கிறார். 1867இல் அரசு அனுமதி பெற்று ஏசு சபையார் இடித்தார்கள். அதன் செங்கற்கள் அவர்களுடைய கல்லூரிக் கட்டடத்துக்குக் கேட்கப்பட்டவை. கல்விக்குத்தான் என்றாலும் எனக்கு மனம் ஆறவில்லை. அந்தக் கல்லூரியும் 1883இல் திருச்சிராப்பள்ளிக்குப் போய்விட்டது.

பக்கத்திலிருக்கும் நாகூரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தர்காவின் 131 அடி உயரமான மனோராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங். வேற்றுச் சமயத்தாருக்கும் கொடுக்கும், இராசராசன் தொடங்கி வைத்த வழக்கம் எழுநூறு ஆண்டுகள் கழித்தும் இந்தக் கரையில் அறுந்துபோகவில்லை என்றே நினைக்கிறேன்.

கோபுரம் போனாலும் புத்தர்கள் எஞ்சினார்கள். 1856 முதல் 1930கள் வரை வெளிப்பாளையம் பக்கத்தில் சுமார் 350 செப்புத் திருமேனிகள் மண்ணிலிருந்து கிடைத்தன. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் நடராசரைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். தலையுச்சியில் தீச்சுடர் எரிய நிற்கும் நாகை புத்தர்களையும் தேடிப் பாருங்கள். அவற்றில் சிலவற்றின் பீடத்தில் இருப்பது தமிழ் எழுத்து.