பிரிமனையில் படிந்த கரி

சோமாஸ் கரண்டி என்றுதான் முதலில் நினைத்தேன். நுனியில் பல் வைத்த சிறு சக்கரம், கைக்கு அடக்கமான பிடி. எங்கள் வீட்டில் இருந்தது பித்தளை. இது வெளுத்த தந்த நிறம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், நியூ பெட்ஃபோர்ட் திமிங்கில வேட்டை அருங்காட்சியகத்துக் கண்ணாடிப் பேழைக்குள் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் வேட்டைக்குப் போன மாலுமி ஒருவன் செதுக்கியது. 'பை' என்கிற பலகாரத்தின் ஓரத்தை அழுத்தி வெட்டுவதற்கு. செய்தவர் பெயர் தெரியாது என்று கீழே எழுதியிருந்தார்கள்.

நின்ற இடத்தில் எனக்கு ஏலக்காய் மணத்தது. தூத்துக்குடியில் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அது. அம்மா மாவைத் தேய்த்துப் பூரணம் வைத்து மடித்துத் தருவாள்; சக்கரத்தை உருட்டுகிற வேலை எனக்கு. அப்பா அநேகமாக எந்தக் கிறிஸ்துமஸுக்கும் இருந்ததில்லை. சரக்குக் கப்பலில் வேலை. பத்து மாதம் கடல், இரண்டு மாதம் வீடு.

நியூ பெட்ஃபோர்ட்காரர்களுக்கு மூன்று, நான்கு வருஷம். பசிபிக் வரை போய், பீப்பாய்கள் எண்ணெயால் நிறைந்தால்தான் திரும்பலாம். திமிங்கிலம் கண்ணில் பட்டால் படகுகளை இறக்கித் துரத்த ஆள் வேண்டும் என்பதால் ஒரு கப்பலில் முப்பது பேர்வரை இருப்பார்கள். படாத நாட்களில் அத்தனை பேருக்கும் வேலை ஏது? அந்தச் சும்மா இருந்த நேரத்தில் பிறந்ததுதான் ஸ்க்ரிம்ஷா. ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் கீழ்த்தாடைப் பற்களிலும் எலும்பிலும் செய்த கைவேலை.

அடுத்த பேழையில் நூல் சுற்றும் ராட்டு ஒன்று, குடைபோல் விரிந்து மடங்குவது. பக்கத்தில் பெண்கள் மார்க்கச்சின் முன்புறம் செருகிக்கொள்ளும் எலும்புப் பட்டை; நெஞ்சை ஒட்டி இருக்கும் என்று தெரிந்தேதான் செதுக்கியிருக்கிறார்கள். பல்லில் கப்பலையும் வேட்டையையும் வரைந்தவர்களும் உண்டு. நான்டக்கெட் தீவின் 'சூசன்' என்ற கப்பலில் போன ஃபிரெடெரிக் மைரிக், 1828-29-இல் தான் வரைந்த பற்களில் பெயரும் தேதியும் பொறித்தார். பெரும்பாலானவர்கள் அதுகூடச் செய்யவில்லை. கடல் நடுவில் உட்கார்ந்து அடுப்படிச் சாமான் செய்தவனுக்குக் கையெழுத்து எதற்கு? வாங்கிக்கொள்கிறவளுக்குத் தெரியாதா?

அப்பாவும் ஒன்று செய்தார். ஒரு விடுமுறைக்கு வந்தபோது பெட்டியிலிருந்து, சென்ட்டு பாட்டில்களுக்கும் கோடாலித் தைலத்துக்கும் அடியிலிருந்து, வெள்ளைக் கயிற்று வளையம் ஒன்றை எடுத்தார். பருத்திக் கயிற்றை மும்மூன்றாகப் பின்னி, தொடக்கமும் முடிவும் தெரியாமல் முடிந்தது. பானை இறக்கி வைக்கிற பிரிமனை. "சும்மா இருந்தா வீட்டு நெனப்பு வந்துருது" என்றார். "எங்க நாட்டுல வைக்கோலுக்கா பஞ்சம்?" என்றாள் அம்மா. ஆனால் அன்றைக்கே பழைய பிரிமனை கொல்லைக்குப் போய்விட்டது.

பேழைக்குள் இருந்த சக்கரத்தின் பற்கள் சுத்தமாக இருந்தன. தேய்மானம் தெரியவில்லை. அழகாக இருக்கிறதென்று அவள் எடுத்து வைத்துவிட்டாளோ, அவன் திரும்பி வரவே இல்லையோ.

பல்லில் வரைகிற விதத்தையும் அங்கே விளக்கியிருந்தார்கள். கத்தியால் சுரண்டி, சுறாத்தோலால் தேய்த்து வழுவழுப்பாக்கி, பாய் தைக்கும் ஊசியால் கோடு கீறுவார்கள். வெள்ளையில் கீறின கோடு கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்த்து, மேலே துடைத்துவிட்டால், கோட்டில் மட்டும் கரி நின்று படம் எழும்பி வரும்.

எங்கள் வீட்டில் அப்போது விறகடுப்பு. சோற்றுப்பானையும் குழம்புச்சட்டியும் இறங்கி இறங்கி, அந்த வெள்ளைக் கயிறு ஒரு மாதத்தில் கறுத்துவிட்டது. அம்மா துவைத்துப் பார்த்தாள். மேல்பக்கம் வெளுத்தது, பின்னலின் இடுக்குகளில் கரி நின்றுவிட்டது. ஒவ்வொரு புரியும் எதன்மேல் ஏறி எதனடியில் போகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. அப்பா அதற்குள் கப்பலேறிவிட்டிருந்தார். அம்மா ஈரப் பிரிமனையைக் கையில் வைத்து, ஒரு புரியை விரலால் தொடர்ந்துகொண்டே போனாள். சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே விரல் வந்தது. மறுபடி தொடங்கினாள்.