பின்னால் இருந்த லயம்

அம்மா தவறிய ஐந்தாம் நாள், கிள்ளானிலிருந்து அண்ணன் ஒரு பழைய கண்ணாடிப் பிரேமைத் துண்டில் சுற்றிக்கொண்டு, பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை பார்க்கும் ஸ்டூடியோவுக்கு வந்தார். இளவயதில் அம்மா எடுத்துக்கொண்ட படம் அது ஒன்றுதான். 1972 பொங்கலன்று தோட்டத்துக்கு வந்த படக்காரர் ஒருவர் லயத்து வாசலில் நிற்க வைத்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். தலை நிறைய மல்லிகை. பின்னால் சுண்ணாம்பு அடித்த சுவர், துணிக்கொடி, தண்ணீர்த் தொட்டி.

"பதினாறாம் நாளைக்கு மாலை போடணும், இதைப் பெரிசு பண்ணிடு தம்பி. பின்னாலே இருக்கிற லயம், கொடி எல்லாம் வேண்டாம். நீலமா ஏதாவது போட்டுடு. சம்பந்தி வீட்டு ஆளுங்க வருவாங்க" என்றார்.

எனக்கு அதில் குறையொன்றும் தோன்றவில்லை. அந்தப் படம் எடுத்தபோது நான் பிறக்கவே இல்லை. தோட்டத்தை விட்டு வந்தபோது கைக்குழந்தை. மேலும், என் தொழிலே அதுதானே!

இந்த வேலை கம்ப்யூட்டரோடு பிறந்ததன்று. அந்நாளில் ஸ்டூடியோக்காரர்கள் நெகடிவில் வேண்டாத இடத்தில் செந்நிற மையைத் தூரிகையால் பூசிவிடுவார்கள். மை பூசிய இடத்தில் வெளிச்சம் புகாது. அச்சில் அந்த இடம் வெண்மையாக விழும். ஆனால் பறக்கும் முடியைச் சுற்றி மை பூச எந்தக் கையால் முடியும்? அதனால்தான் பல பழைய படங்களில் பெண்களின் தலை சட்டி கவிழ்த்தாற்போல் வழவழவென்று இருக்கும். பிறகு நோல் சகோதரர்கள் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கிய போட்டோஷாப்பை 1990ல் அடோபி நிறுவனம் வெளியிட்டது. மைக்கிண்ணத்துக்கு வேலை போயிற்று. முடியின் தொல்லை மட்டும் போகவில்லை.

முதலில் பிரேமைப் பிரித்தேன். நம் நாட்டு ஈரக்காற்றில் படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு படம் இருந்தால் தயவுசெய்து பிய்க்காதீர்கள். முகம் கண்ணாடியோடு போய்விடும். நான் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்தேன்.

வண்ணப் படமென்றால் ஒரு வழி உண்டு. கம்ப்யூட்டர் அதைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று தட்டாகப் பிரித்துக் காட்டும். ஒருமுறை பத்துமலைத் தைப்பூசத்தில் எடுத்த மயிற்பீலிக் காவடிப் படம் ஒன்று வந்தது. பீலியின் ஒவ்வோர் இழைக்கும் நடுவில் வானம். நீலத் தட்டைப் பார்த்தேன்; வானம் வெளுத்து, பீலி கறுத்துத் தனியாக நின்றது. அதையே அச்சாக வைத்துப் பிரித்துவிட்டேன். கறுப்பு வெள்ளைப் படத்தில் மூன்று தட்டும் ஒன்றேதான். அங்கே அந்த வித்தை பலிக்காது.

அம்மாவின் கருங்கூந்தல் வெள்ளைச் சுவருக்கு முன்னால் இருந்ததால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து ஓரளவு பிரிந்தது. மல்லிகைதான் பிரியவில்லை. வெள்ளைச் சுவரில் வெள்ளைப் பூ! எது பூ, எது சுண்ணாம்பு என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? இப்போது கைபேசியிலேயே ஒரு தட்டில் பின்னணியை நீக்கும் வசதி வந்திருக்கிறது. அதையும் போட்டுப் பார்த்தேன். அது முதலில் பறித்தது பூவைத்தான். அம்மாவைப் பூவில்லாமல் அந்த ஐந்து நாள் பார்த்தது போதாதா? மூடிவிட்டேன்.

இதழ் இதழாகக் கையாலேயே கோடு போட்டேன். இரண்டு இரவுகள் ஆயின. அழிப்பானைத் தொடவில்லை. அழித்துச் சேமித்துவிட்டால் போனது போனதுதான். மாஸ்க் என்று ஒன்று உண்டு. படத்தின் மேல் விரிக்கும் திரை என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் கறுப்பு பூசினால் அந்த இடம் மறையும், வெள்ளை பூசினால் திரும்பத் தெரியும், சாம்பல் பூசினால் பாதி தெரியும். முடியின் ஓரத்துக்கு அந்தச் சாம்பல்தான் உயிர். அண்ணன் கேட்ட நீலத்தையும் வெளிர்நீலமாகவே போட்டேன். மெல்லிய முடிகளில் பழைய சுவரின் வெண்மை கலந்தே இருக்கும். அடர்நீலத்தில் வைத்தால் தலையைச் சுற்றி மாவு தூவினாற்போல் காட்டிக்கொடுத்துவிடும்.

இடுப்புக்கு வந்தபோது முந்தானையில் ஏதோ கறை மாதிரி இருந்தது. பெரிதாக்கினேன். நான்கு சின்ன விரல்கள். கைக்குரிய ஆள் படத்தில் இல்லை. படக்காரர் ஓரத்தில் விட்டுவிட்டார். விரல்களை நீக்கினால் முந்தானையில் ஓட்டை விழும். துணியை வரைந்து மூடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், சாப்பாட்டுத் தூக்கோடு அக்கா வந்தாள்.

"அது என் கைதான்" என்றாள். "எனக்கு அப்போ நாலு வயசு. தள்ளி நில்லுன்னாரு படக்காரர். நான் அம்மாவை விடலை."

திரையை விலக்கிக் காட்டினேன். லயம் திரும்ப வந்தது. அக்கா தூக்கைக் கீழே வைக்காமலே, "மூணாவது கதவு நம்ம வீடு. அந்தத் தொட்டிக்குப் பின்னாலேதான் நீ பிறந்தப்போ வெந்நீர் வச்சாங்க" என்று சொல்லிக்கொண்டே போனாள். சீபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயா ஆனது உங்களுக்குத் தெரியும். எங்கள் தோட்டமும் அப்படித்தான் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. அந்த மூன்றாவது கதவு இந்தப் படத்தைத் தவிர வேறெங்கும் இல்லை.

பதினாறாம் நாள் கூடத்தில் நீலப் படத்துக்குத்தான் மாலை போட்டோம். விரல்களை நான் எடுக்கவில்லை. அக்காவுக்கென்று லயத்தோடு ஒரு படம் அச்சிட்டுக் கொடுத்திருந்தேன். எல்லாரும் சாப்பிட்டுப் போனபிறகு அண்ணன் அதை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"கொடியிலே மூணாவதா காயுது பாரு, அது என் பள்ளிக்கூடச் சட்டை" என்றார். "எனக்கும் ஒண்ணு போட்டுக் கொடு தம்பி."