நமக்கு வரவேண்டியதும் நாம் தரவேண்டியதும்

ஒருவர் இன்னொருவரைப் பற்றி நற்சாட்சி கூற வந்தபோது, உமர் (ரலி) அவர்கள் அவரிடம் மூன்று கேள்விகள் கேட்டதாக ஒரு செய்தி அறிவிக்கப்படுகிறது. அவருக்கு நீர் அண்டை வீட்டாரா, அவரோடு பயணம் செய்திருக்கிறீரா, அவரோடு பணக் கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கிறீரா என்பவையே அவை. மூன்றுக்கும் இல்லை என்ற பதில் வந்ததும், அப்படியானால் உமக்கு அவரைத் தெரியாது என்று அவர்கள் கூறிவிட்டார்களாம். பள்ளிவாசலில் ஒருவரைத் தொழக் காண்பது மட்டும் அவருடைய நாணயத்திற்குச் சான்றாகிவிடாது என்பதே இதன் சாரம். வெளிநாட்டில் கார் வாடகைக்கு எடுப்பதில் பயணமும் பணமும் ஒன்றுசேர்ந்து விடுகின்றன. அதனால் அது வாடகைக்கு விடுபவரைப் போலவே எடுப்பவரையும் சோதித்துப் பார்க்கிறது.

ஷார்ஜாவில் இருக்கும் ராத்தாவின் வீட்டுக்கு உம்மாவை அழைத்துக்கொண்டு சென்றிருந்தோம். உம்மாவுக்கு முழங்கால் வலி. மெட்ரோ நிலையங்களில் நெடுந்தொலைவு நடக்க இயலாது. ஒவ்வொரு நாளும் மச்சானை வேலைக்கு விடுப்பு எடுக்கச் சொல்வதும் முறையல்ல. ஆகவே ஐந்து நாள்களுக்கு ஒரு காரை வாடகைக்கு எடுத்தோம். சுற்றுலா விசாவில் செல்லும் இந்தியர் அங்கே கார் ஓட்ட வேண்டுமானால் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி தேவை. அதை ஊரிலேயே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெற்றிருந்தேன். வாடகையை முன்கூட்டியே செலுத்தியாயிற்று. துபாயின் உறவினர் வீடுகளுக்கும், அபுதாபியில் ஷேக் ஸாயித் பெரிய பள்ளிவாசலுக்கும் உம்மாவை அழைத்துச் சென்று வந்தோம். அல்ஹம்துலில்லாஹ், பயணம் இனிதே முடிந்தது.

காரை எடுக்கும்போது நிறுவனம் வாடகையோடு இன்னொன்றையும் கேட்டது. ஓட்டுநரின் பெயரிலேயே ஒரு கடன் அட்டை இருக்க வேண்டும் என்றார்கள். பெரும்பாலான கார் வாடகை நிறுவனங்களின் வழக்கம் இது. வட்டிக்கு அஞ்சி நம்மில் பலர் கடன் அட்டையை வைத்துக்கொள்வதில்லை. வைத்திருப்பவர்களும் கெடு நாளுக்கு முன் நிலுவை முழுவதையும் செலுத்திவிடுவது என்ற உறுதியோடுதான் வைத்திருக்கிறோம். அந்த அட்டையில் 1,500 திர்ஹத்தை அவர்கள் பிடித்துவைத்தார்கள். இது செலவாகிப்போன பணம் அல்ல. அட்டையின் வரம்பிலிருந்து அந்தத் தொகை ஒதுக்கிவைக்கப்படுகிறது; சில நாள்களோ வாரங்களோ கழித்து விடுவிக்கப்படுகிறது. டெபிட் அட்டையாக இருந்தால் நம் கணக்கிலுள்ள ரொக்கமே முடங்கிப்போகும் என்பதால் அங்கே சிரமம் கூடுதல்.

ஏன் இப்படிப் பிடித்துவைக்கிறார்கள் என்பதற்கு நியாயமான காரணம் உண்டு. துபாயில் 2007ஆம் ஆண்டு முதல் ஸாலிக் என்ற சுங்க முறை நடப்பிலிருக்கிறது. நம் நாட்டுச் சுங்கச்சாவடிகளைப் போல அங்கே வண்டி நிற்பதில்லை. காரின் முன்கண்ணாடியில் ஒட்டிய வில்லையைச் சாலைக்கு மேலே உள்ள கருவி படித்துக்கொள்ளும். 2025 ஜனவரி 31 முதல் நேரத்துக்கு ஏற்பக் கட்டணம் மாறுகிறது. சாதாரண வேலை நாள்களில் காலை 6 முதல் 10 வரையும் மாலை 4 முதல் 8 வரையும் 6 திர்ஹம். மற்ற நேரங்களில் 4 திர்ஹம். நள்ளிரவு 1 மணி முதல் காலை 6 வரை கட்டணம் இல்லை. வண்டியின் உரிமையாளர் நிறுவனமே என்பதால் முதலில் அதன் கணக்கிலிருந்துதான் இந்தப் பணம் போகும். வேகக் கட்டுப்பாட்டை மீறினால் வரும் அபராதமும் அவ்வாறே. துபாயில் அறிவிப்புப் பலகையில் உள்ள வேகத்தைவிட 20 கிலோமீட்டர் வரை கூடினாலும் கேமரா பொறுத்துக்கொள்ளும். அபுதாபியிலோ 2018 ஆகஸ்டு முதல் அந்தச் சலுகை இல்லை. ஒரே நெடுஞ்சாலையில் எல்லை கடந்ததும் சட்டம் மாறிவிடுவதை அறியாமல் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். இவையெல்லாம் கணக்கில் ஏறச் சில நாள்கள் ஆகும். அதற்குள் பயணி ஊர் திரும்பிவிடுவார். எனவே நிறுவனம் தன் பணத்துக்குப் பாதுகாப்புத் தேடுகிறது. அதில் குறை காண முடியாது.

ஊர் திரும்பிய மூன்றாவது வாரத்தில், லுஹர் தொழுதுவிட்டு வெளியே வந்தபோது கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி இருந்தது. அட்டையிலிருந்து 1,043 திர்ஹம் எடுக்கப்பட்டிருந்தது. மாற்று விகிதமும், வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணமும், அந்தக் கட்டணத்தின் மீதான 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேர்ந்து ரூபாய்க் கணக்கில் 25,000த்தைத் தாண்டியிருந்தது. ஓடிபி எதுவும் வரவில்லை. உள்நாட்டு இணையப் பரிமாற்றங்களுக்கு நாம் பழகிப்போன அந்தக் காவல், வெளிநாட்டு நிறுவனம் தன்னிடம் பதிவாகியுள்ள அட்டையிலிருந்து பணம் எடுக்கும்போது எப்போதும் இருப்பதில்லை. காரை எடுக்கும்போது நாம் இடும் கையெழுத்தே பின்னால் வரும் கட்டணங்களுக்கும் அனுமதியாகிவிடுகிறது.

விவரம் கேட்டு மூன்று மின்னஞ்சல்கள் அனுப்பிய பிறகு கணக்கு வந்தது. ஸாலிக் கட்டணம் 16 முறைக்கு 82 திர்ஹம். ஒவ்வொரு முறைக்கும் ஒரு திர்ஹம் வீதம் சேவைக் கட்டணம் 16. ஆக 98. மீதி 945 திர்ஹம், பின்புறப் பம்பரில் ஏற்பட்ட கீறலைச் சரிசெய்ய 900, அதற்கான 5 விழுக்காடு வாட் வரி 45.

அந்தக் கீறல் நாங்கள் காரை எடுத்தபோதே இருந்தது. கைப்பேசியில் நான் எடுத்த காணொளியில், சாவியைத் தந்த ஊழியர் தம் விரலாலேயே அதைச் சுட்டிக்காட்டுவது தெளிவாகப் பதிவாகியிருந்தது. ஆனால் அவர் நிரப்பித் தந்த படிவத்தில் அது குறிக்கப்படவில்லை என்பதே நிறுவனத்தின் வாதம். காணொளியை அனுப்பினேன். அதன் பிறகு பதிலே இல்லை.

நம் ஃபிக்ஹு நூல்களில் வாடகை ஒப்பந்தத்திற்கு இஜாரா என்று பெயர். வாடகைக்கு எடுத்த பொருள் எடுத்தவரின் கையில் ஓர் அமானிதம். அவர் அத்துமீறாமலும் அலட்சியம் காட்டாமலும் இருந்து அதற்குச் சேதம் நேர்ந்தால் அவர் ஈடு கொடுக்க வேண்டியதில்லை என்பது பெரும்பாலான சட்ட அறிஞர்களின் நிலைப்பாடு. உரிமை கோருபவரே ஆதாரம் காட்ட வேண்டும் என்பதும் நீதி வழங்கலில் நிலைபெற்ற விதி. வேறொருவர் ஏற்படுத்திய கீறலுக்கு நான் விலை கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. அநியாயமாகப் போகும் பொருளை முறைப்படி மீட்பது பேராசையும் அல்ல, பொறுமைக்கு மாறானதும் அல்ல.

எனவே வங்கியில் முறையிட்டேன். 945 திர்ஹம் மட்டுமே தவறான கட்டணம், 98 திர்ஹம் நான் தரவேண்டியதே என்று படிவத்தில் தெளிவாக எழுதினேன். ஒப்பந்தம், காணொளி, மின்னஞ்சல்கள் அனைத்தையும் இணைத்தேன். முடிவு வரும்வரை காத்திருந்து வட்டிக்கு இடம் கொடுக்க விரும்பாததால், கெடு நாளுக்குள் அட்டையின் நிலுவை முழுவதையும் செலுத்திவிட்டேன். சார்ஜ்பேக் எனப்படும் இந்த நடைமுறையில் நம் வங்கி, நிறுவனத்தின் வங்கியிடம் விளக்கம் கேட்கும். உரிய காலத்துக்குள் விளக்கம் வராவிட்டால் பணம் திரும்பிவிடும். ஏறத்தாழ 50 நாள்கள் கழித்துப் பணம் திரும்பியது. 945 அல்ல. முழு 1,043 திர்ஹமும்.

வங்கிக்குத் தொலைபேசியில் விவரம் சொன்னேன். பரிமாற்றம் ஒரே தொகையாக இருந்ததால் ஒரே தொகையாகத் திருப்பப்பட்டது, முறையீடு முடித்துவைக்கப்பட்டது, இனி எங்களால் ஒன்றும் செய்ய இயலாது என்றார்கள். நிறுவனத்துக்கு எழுதினேன். வழக்கம்போல் பதில் இல்லை.

செய்தி அறிந்த நண்பர்கள் மகிழ்ந்தார்கள். “உங்களை எத்தனை நாள் அலைக்கழித்தார்கள்! அந்த 98 திர்ஹம் அவர்களுக்கு அபராதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்” என்றார் ஒருவர். இன்னொருவர், அதை ஏழைக்கு ஸதகாவாகக் கொடுத்துவிடலாம் என்றார். கேட்க இனிமையான யோசனைதான். ஆனால் உரியவர் யாரென்று தெரிந்திருக்கையில், அவரை அடையும் வழியும் இருக்கையில், அவருடைய பணத்தை எடுத்து நாம் தர்மம் செய்வது எப்படி? தர்மம் செய்ய நம் சொந்தப் பணம் இருக்கிறது.

அந்த 82 திர்ஹத்தை நிறுவனம் எனக்காகச் சாலையில் செலுத்தியிருக்கிறது. அது என் மீதான கடன். 16 திர்ஹம் நான் படித்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இருப்பது. ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு ஐந்தாவது அத்தியாயத்தின் முதல் வசனமே பணிக்கிறது. அந்த நிறுவனம் எனக்கு இழைத்த அநியாயம் 945 திர்ஹத்தோடு முடிந்துவிட்டது. அது எனக்குத் திரும்பியும் விட்டது. அதற்குமேல் என்னிடம் இருப்பது பிறர் உடைமை. நமக்கு மோசடி செய்தவருக்கும் நாம் மோசடி செய்யக் கூடாது என்று அறிவுறுத்தும் நபிமொழி அபூதாவூதிலும் திர்மிதியிலும் இடம்பெற்றிருக்கிறது. நல்லவர்களிடம் நேர்மையாக நடப்பது எளிது. நம்மைச் சினமூட்டியவரிடம் நேர்மை காப்பதைத்தான் இந்த நபிமொழி கேட்கிறது.

அல்முதஃப்பிஃபீன் என்று குர்ஆனில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. தமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கிக்கொண்டு, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைத்துவிடுவோரைக் கண்டிக்கும் அத்தியாயம் அது. தராசு பிடித்த வணிகர்களைப் பற்றியது என்றே அதை நாம் பெரும்பாலும் எண்ணிக்கொள்கிறோம். வாடிக்கையாளரின் கையிலும் ஒரு தராசு உண்டு. கடைக்காரர் மீதிச் சில்லறையைக் குறைத்தால் உடனே கேட்கும் நாம், கூடுதலாகக் கொடுத்தால் எத்தனை விரைவில் திருப்புகிறோம் என்பதை நம் வீட்டுப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியில் மச்சானிடம் சொன்னேன். அவர் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அந்த நிறுவனத்தின் கிளைக்குச் சென்றார். முடிந்துபோன ஒப்பந்தத்தில் பணத்தை வரவு வைக்கக் கணினி இடம் தரவில்லையாம். கணக்கை மூடியாயிற்று, போய்வாருங்கள் என்று ஊழியர் சொல்லியிருக்கிறார். ரசீது இல்லாமல் போவதில்லை என்று மச்சான் அமர்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து மேலாளர் வந்து கையால் ஒரு ரசீது எழுதிக் கொடுத்தார். அதன் படத்தை எனக்கு அனுப்பிவிட்டு மச்சான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: “வசூலிக்கத் தெரிந்தவர்களுக்கு வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை.”

இத்தகைய பயணம் செய்யவிருக்கும் சகோதர சகோதரிகளுக்குச் சில செய்திகள். காரை எடுக்கும்போதும் திருப்பும்போதும் சுற்றிலும் காணொளி எடுங்கள். பம்பர், சக்கரங்கள், கண்ணாடி, உட்புறம், எரிபொருள் அளவு, ஓடிய தூரம் எல்லாம் தெரியட்டும். கண்ட கீறல்களைப் படிவத்திலும் எழுதச் சொல்லுங்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ உள்ளதன்று; கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பதைப் பற்றியது. அல்பகராவின் 282ஆவது வசனத்தின் அந்தப் பணிப்பை நினைவில் கொண்டால், படிவத்தை வற்புறுத்திக் கேட்பதில் கூச்சம் வராது. கருவி உங்களிடம் ரூபாயிலா அந்த நாட்டு நாணயத்திலா என்று கேட்டால், அந்த நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாயில் மாற்றித் தரும் விகிதம் பெரும்பாலும் நமக்கு நட்டமாகவே இருக்கும். அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் நாமே திறக்கவும் மூடவும் முடியும். ஆனால் தரவேண்டிய சுங்கமும் அபராதமும் வரவிருக்கும்போது அதை மூடிவிட்டுத் தப்புவதற்கு அந்த வசதியைப் பயன்படுத்தலாகாது.

தவறான கட்டணம் வந்தால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். சரியான பகுதியையும் தவறான பகுதியையும் பிரித்து எழுதுங்கள். தீர்வு கிட்டாவிட்டால் தாமதிக்காமல் வங்கிக்குச் செல்லுங்கள். இதற்குக் காலக்கெடு உண்டு. வங்கி 30 நாள்களுக்குள் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

உரிமையைக் கேட்பதில் தளர வேண்டாம். கேட்டுப் பெற்றபின், அதில் பிறருடையது ஏதும் கலந்திருக்கிறதா என்று ஒருமுறை எண்ணிப் பார்த்துவிடுவோம். வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் ஒரே படியை வைத்திருப்போராக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்குவானாக. ஆமீன்.